ஜனவரிக்கான புத்தகப் பட்டியல்: பாதியை மட்டும் புதிதாக வாங்குங்கள்

சிங்கப்பூரில் பிள்ளையின் பள்ளி தரும் புத்தகப் பட்டியல் கைக்கு வந்ததும் அப்படியே மொத்தமாக ஆர்டர் செய்யாதீர்கள். பாடநூல்களைத் தனியாக, பயிற்சிநூல்களைத் தனியாகப் பிரித்துக்கொண்டு, பாடநூல்களை மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்குங்கள். பயிற்சிநூல்களை மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.

பாடநூலில் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவதில்லை, அதனால் அடுத்த ஆண்டுக்கும் அது உருப்படியாக இருக்கும். நவம்பரில் பள்ளி முடிந்ததும் பல வீடுகளில் அவை பழைய பேப்பரோடு போய்விடும். அதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்கு வருபவர்கள், அங்கேயே மற்ற பெற்றோரிடம் விசாரிக்கலாம். கிடைக்காவிட்டால், பழைய புத்தகக் கடைகள் இருக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். கத்தோலிக்கப் பள்ளிகளும் கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தையே பின்பற்றுகின்றன, ஆனால் கணிதம் போன்ற பாடங்களில் எந்தப் பதிப்பகத்தின் நூல் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறலாம். அட்டையின் நிறத்தைப் பார்த்து வாங்காமல், பின்னட்டையில் பார்கோடுக்குப் பக்கத்தில் இருக்கும், ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் எண் இல்லாவிட்டால், பதிப்பகமும் பதிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

பிள்ளையின் வகுப்புக்கு அந்த ஆண்டு பாடத்திட்டம் மாறுகிறது என்றால் இது உதவாது. பள்ளி தானே அச்சிடும் கையேடுகளையும் பள்ளியில்தான் வாங்கியாக வேண்டும். அப்புறம், அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பாடநூலும் சீருடையும் இலவசமாகவே கிடைக்கும். அவர்கள் அலைய வேண்டியதே இல்லை.