பிரெஞ்சு சப்ஜாங்க்டிஃப் ஏம்பர்ஃபே: ஒரு ‘த்யூ’ வடிவமும் ஒரு தொப்பியும்

பிரெஞ்சு வினை அட்டவணைகளில் சப்ஜாங்க்டிஃப் ஏம்பர்ஃபே (விருப்பம், அச்சம், கட்டாயம் போன்றவற்றின் பின் துணை வாக்கியத்தில் வரும் சப்ஜாங்க்டிஃபின் இறந்தகால வடிவம்) என்னும் பத்தி வந்ததும் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ‘பேச்சில் இல்லை, எதற்குப் படிக்க வேண்டும்’ என்பது அவர்கள் கேள்வி. பேச்சில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்றைத் திறந்தால் இது பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். இன்றைய கட்டுரைகளிலும் இதன் படர்க்கை ஒருமை வடிவம் தலைகாட்டுகிறது. இன்னொரு உண்மையும் உண்டு: பிரெஞ்சில் இவ்வளவு ஒழுங்கான வடிவம் வேறு இல்லை என்றே சொல்லலாம். பாஸே சேம்ப்ல் என்னும் எழுத்துநடை இறந்தகாலம் தெரிந்தால் போதும், தனியாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

கீழே வினைகளின் ஒலி தமிழில் உள்ளது. எழுத்துக்கூட்டு தேவைப்படும் இடங்களில் ஏ, ஈ, ஐ, யூ, எஸ், டி என்று ஆங்கில எழுத்துகளைச் சொல்லும் பெயர்களே பயன்படுகின்றன. இந்த வடிவத்தில் காதைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம்.

வடிவம் கட்டும் முறை

வினையின் பாஸே சேம்ப்லில் ‘த்யூ’வுக்குரிய முன்னிலை ஒருமையை எடுங்கள். ‘பார்லே’ (பேசுதல்) என்ற வினைக்கு அது ‘த்யூ பார்லா’. எழுதும்போது ஏ-எஸ் என்று முடியும். அதோடு எஸ்-ஈ சேர்த்தால் தன்மை ஒருமை: ‘பார்லாஸ்’. முன்னிலை ஒருமைக்கு எஸ்-ஈ-எஸ், தன்மைப் பன்மைக்கு எஸ்-ஐ-ஓ-என்-எஸ், முன்னிலைப் பன்மைக்கு எஸ்-ஐ-ஈ-இசட், படர்க்கைப் பன்மைக்கு எஸ்-ஈ-என்-டி. ஒலி முறையே பார்லாஸ், பார்லாஸியோன், பார்லாஸியே, பார்லாஸ்.

படர்க்கை ஒருமை மட்டும் வேறு வழியில் போகும். அங்கே கடைசி எஸ்ஸை நீக்கி, உயிரெழுத்தின் தலையில் சிர்க்கோன்ஃப்ளெக்ஸ் என்னும் தொப்பிக் குறியை வைத்து, ஒரு டி சேர்க்க வேண்டும். அந்த டி ஒலிக்காது. ‘கில் பார்லா’ என்றே கேட்கும் (‘க’ என்ற இணைப்புச் சொல்லும் ‘இல்’, அதாவது ‘அவன்’, என்பதும் சேர்ந்ததே ‘கில்’). ஆறு வடிவங்களில் தொப்பி இந்த ஒன்றுக்கு மட்டும்தான். பாஸே சேம்ப்லில் ‘நூ’ (நாம்), ‘வூ’ (நீங்கள்) வடிவங்களுக்குத் தொப்பி உண்டு என்பதால், பழக்கதோஷத்தில் இங்கும் ‘பார்லாஸியோன்’ தலையில் அதை வைத்துவிடுகிறார்கள். வைக்கக் கூடாது.

எஸ் ஏன் இரட்டிக்கிறது? த்யூ வடிவத்தில் ஒரு எஸ் ஏற்கெனவே இருக்கிறது, விகுதியின் எஸ் அதோடு சேர்கிறது. உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை எஸ் நின்றால் பிரெஞ்சில் அது இசட் ஒலியாகிவிடும். ஒற்றை எஸ் போட்டு எழுதினால் வினையே அடையாளம் தெரியாமல் போகும்.

நான்கு உயிர்கள்

எல்லா வினைகளும் நான்கு வகைக்குள் அடங்கும். ஈ-ஆர் என்று முடியும் அத்தனை வினைகளும் ஏ வகை. ‘அலே’ (போதல்) வினையும் அப்படியே: அலாஸ், அலா. மற்றக் காலங்களில் முரண்டு பிடிக்கும் வினை இங்கே சாதுவாகிவிடுகிறது. ‘மான்ஜே’ போன்றவற்றில் ஜீக்குப் பின் ஈ எழுத்தை விடாமல் வைக்க வேண்டும். ‘கொமான்சே’யில் சீயின் அடிவாலை மறக்கக் கூடாது. இரண்டும் விகுதியின் ஏவுக்கு முன் மெய்யொலியைக் காப்பாற்றத்தான்.

ஐ வகையில் ஃபினீர் (ஃபினிஸ், ஃபினி), ப்ரான்த்ர் (ப்ரிஸ், ப்ரி), ஃபேர் (ஃபிஸ், ஃபி), மெத்ர் (மிஸ், மி), வான்த்ர் (வான்திஸ், வான்தி) ஆகியவை வரும். யூ வகையில் எத்ர் (ஃப்யூஸ், ஃப்யூ), அவுவார் (யூஸ், யூ), வூல்வார் (வூல்யூஸ், வூல்யூ), சவுவார், பூவுவார், தெவுவார் ஆகியவை. நான்காவது சின்னக் குடும்பம்: வெனீர், தெனீர், அவற்றின் கிளை வினைகள். அங்கே மூக்கொலி: வேன்ஸ், வேன். ‘வேன்ஸ்’ எழுதும்போது என்னுக்குப் பின் இரண்டு எஸ் வரும். பார்க்க விநோதமாக இருந்தாலும் அதுதான் சரி.

தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைப் பிரிப்பில்தான் நடக்கின்றன. காரணம், பாஸே சேம்ப்லைச் சரியாகக் கற்காமல், பாஸே கோம்போஸே என்னும் பேச்சுவழக்கு இறந்தகாலத்தில் துணைவினையோடு சேர்ந்து வரும் பார்ட்டிசிப் என்ற எச்ச வடிவத்திலிருந்து உயிரை ஊகிப்பது. ‘வூல்யூ’விலிருந்து ‘வூல்யூஸ்’ கிடைப்பதைப் பார்த்து, ‘வான்த்யூ’விலிருந்து ‘வான்த்யூஸ்’ என்று கட்டுகிறார்கள். சரியானது ‘வான்திஸ்’. அதேபோல் ‘பார்த்தல்’ என்ற பொருளுள்ள ‘வுவார்’ வினையின் பார்ட்டிசிப் ‘வ்யூ’. ஆனால் வடிவம் ‘விஸ்’, ‘வி’. இங்கே ஒரு கண்ணி உண்டு: ‘த்யூ வி’ என்பது ‘வாழ்தல்’ என்ற ‘வீவ்ர்’ வினையின் நிகழ்கால வடிவமும்கூட. ‘வீவ்ர்’ தன் பங்குக்கு யூ வகையில் ‘வேக்யூஸ்’ ஆகும். ‘எக்ரீர்’ ‘எக்ரிவிஸ்’ ஆகும், ‘கோந்த்வீர்’ ‘கோந்த்விசிஸ்’ ஆகும், ‘நெத்ர்’ ‘நாக்கிஸ்’ ஆகும். இவற்றை ஊகிக்க முடியாது. பாஸே சேம்ப்ல் அட்டவணையில் பார்த்தே ஆக வேண்டும்.

‘த்ரேர்’, ‘எக்ஸ்த்ரேர்’, ‘திஸ்த்ரேர்’, ‘க்ளோர்’ போன்ற வினைகளுக்குப் பாஸே சேம்ப்லே கிடையாது. ஆகவே இதுவும் கிடையாது. வாக்கியத்தில் வேறு வினை போட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பி உண்டா இல்லையா

‘ஃப்யூ’ என்று கேட்கிறது. அது பாஸே சேம்ப்லா, சப்ஜாங்க்டிஃபா? காதுக்கு இரண்டும் ஒன்றே. சோதனை எளிது: எழுவாயைப் பன்மையாக்குங்கள். ‘ஃப்யூர்’ பொருந்தினால் தொப்பி இல்லை. ‘ஃப்யூஸ்’ பொருந்தினால் தொப்பி உண்டு. ‘பியேன் கில் ஃப்யூ மலாத்’, அதாவது ‘அவன் நோயுற்றிருந்தபோதிலும்’ என்பதைப் பன்மையாக்கினால் ‘பியேன் கில் ஃப்யூஸ்’ என்றுதான் வரும், எனவே தொப்பி. ஏ வகையில் ‘பார்லேர்’, ‘பார்லாஸ்’ இரண்டில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். அந்த வகையில் தொப்பியோடு டியும் கூடும், ஏனென்றால் பாஸே சேம்ப்லின் ‘பார்லா’வில் டி இல்லை.

‘ஆயீர்’ என்ற வெறுத்தல் வினைக்கு விலக்கு உண்டு. அதன் ஐ மேல் ஏற்கெனவே இரண்டு புள்ளிகள் இருப்பதால் தொப்பிக்கு இடமில்லை. 1990ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யூ மீதுள்ள பல தொப்பிகளைக் கழற்றியது. ஆனால் இந்த வினை வடிவத்தின் தொப்பியைத் தொடவில்லை. ‘புதிய எழுத்துமுறை’ என்று சொல்லி இதை விட முடியாது.

எங்கே வரும்

சப்ஜாங்க்டிஃப் கேட்கும் தலைமை வாக்கியம் இறந்தகாலத்திலோ கோந்திசியொனேல் என்னும் நிபந்தனை வடிவிலோ இருந்து, துணை வாக்கியத்தின் செயல் அதே நேரத்தில் அல்லது பிறகு நடப்பதாக இருந்தால், செவ்விய நடையில் இந்த வடிவம் வரும். ‘இல் ஃபாலே கில் பார்தி’: அவன் கிளம்ப வேண்டியிருந்தது. செயல் அதற்கு முன்பே முடிந்திருந்தால் ப்ளூஸ்-க-பர்ஃபே; அதாவது துணைவினையான ‘எத்ர்’ அல்லது ‘அவுவார்’ இந்த வடிவத்தில், கூடவே பார்ட்டிசிப். ‘இல் க்ரேன்யே கெல் ந ஃப்யூ பார்தி’: அவள் கிளம்பிப் போயிருப்பாளோ என்று அஞ்சினான்.

காலத்தைத் தீர்மானிப்பது தலைமை வினை. நேற்று நடந்த செயல் என்பதற்காக மட்டும் ஏம்பர்ஃபே போடக் கூடாது. ‘அவன் நேற்று வந்ததில் மகிழ்ச்சி’ என்று இன்று சொன்னால் தலைமை வினை நிகழ்காலம். அங்கே ‘கில் சுவா வென்யூ’ என்ற சப்ஜாங்க்டிஃப் பாஸே வடிவம்தான் வர வேண்டும். இன்றும் மாறாமல் உண்மையாக இருக்கும் செய்தி என்றால், தலைமை வினை இறந்தகாலத்தில் இருந்தாலும் நிகழ்கால சப்ஜாங்க்டிஃப் போடலாம்.

தேர்வு எழுதுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். 1901 பிப்ரவரி 26 அன்று பிரான்சின் கல்வி அமைச்சர் பிறப்பித்த ஆணை, கோந்திசியொனேலுக்குப் பின் நிகழ்கால சப்ஜாங்க்டிஃப் எழுதினாலும் தவறாகக் கொள்ளக் கூடாது என்றது. 1976 டிசம்பர் 28 ஆணை அந்தச் சலுகையை இறந்தகாலத் தலைமை வினைக்கும் நீட்டியது. ‘இல் ஃபாலே கில் பார்த்’ என்று எழுதினாலும் பேசினாலும் இன்று குறை சொல்வார் இல்லை. நீங்களே எழுதும்போது படர்க்கை வடிவங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ‘பார்லாஸியோன்’, ‘பார்லாஸியே’ போன்றவை இன்றைய காதுக்கு நையாண்டியாகவே விழும். அந்த நோக்கத்தோடுதான் பலர் அவற்றைப் போடுகிறார்கள்.

அதிகமாகப் படித்தவர்களே விழும் குழி ஒன்று: ‘அப்ரே க’, அதாவது ‘பிறகு’. அதன் பின் செவ்விய நடையில் வருவது பாஸே ஆந்தேரியர், அதாவது துணைவினையின் பாஸே சேம்ப்லும் பார்ட்டிசிப்பும் சேர்ந்த வடிவம். ‘அப்ரே கில் யூ ஃபினி’யில் தொப்பி கிடையாது. பன்மையாக்கினால் ‘யூர்’ வருவதே சாட்சி. ‘அவான் க’, அதாவது ‘முன்’, சப்ஜாங்க்டிஃப் கேட்கிறது என்பதால் இதற்கும் தொப்பி மாட்டிவிடுகிறார்கள். ‘எஸ்பேரே க’வும் உடன்பாட்டு வாக்கியத்தில் சப்ஜாங்க்டிஃபைக் கேட்காது.

‘க’ இல்லாமல் வரும் இடங்கள்

நாவல்களில் ‘க’ எதுவும் இல்லாமல் ‘அவுவார்’ வினையின் ‘யூ’ தொப்பியோடு வந்தால், அந்த இடத்தில் அதே வினையின் கோந்திசியொனேல் வடிவமான ‘ஓரே’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அது கோந்திசியொனேல் பாஸேயின் இரண்டாம் வடிவம். ‘கி ல்யூ க்ர்யூ’, அதாவது ‘யார் நம்பியிருப்பார்கள்?’, இந்த வகை. ‘ஸி’க்கு (‘என்றால்’) பின் வரும் ‘யூ’வும் இதே வடிவம்தான், ஆனால் அங்கே மாற்றாக வருவது சாதாரண இறந்தகால வடிவமான ‘அவே’, ‘ஓரே’ அல்ல.

வினை எழுவாய்க்கு முன் வந்தால் ‘ஆனாலும்’ என்ற பொருள்: ‘ஃப்யூ-தில்’ என்றால் ‘அவன் அப்படியே இருந்தாலும்’, ‘த்யூ-தில்’ என்றால் ‘அவன் செய்ய நேர்ந்தாலும்’. இங்கே டி ஒலிக்கும். ‘ந ஃப்யூஸ் க’ என்பது ‘குறைந்தபட்சம் இதற்காகவாவது’; இதில் கேட்கும் ஸ் ‘ஸ’ என்ற சுட்டுச் சொல்லுடையது, எழுதும்போது தொப்பியும் டியும் இருக்கும். தன்மை ஒருமையில் ‘த்யூஸே-ஜ்’ என்று வரும்போது வினையின் கடைசி ஈ மேல் ஏறுகோடு போட்டுத் தமிழ் ‘ஏ’ ஒலி கொடுப்பது மரபு. 1990 சீர்திருத்தம் அதற்கு இறங்குகோடு போடச் சொல்கிறது, ஆனால் அச்சில் ஏறுகோட்டைத்தான் அதிகம் காண்பீர்கள்.