தம் கட்டச் சொல்லாதீர்கள்: நீச்சல் குழுவுக்குப் பிள்ளையைத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடைக்கால நீச்சல் குழு தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, குளத்தின் ஆழமில்லாத பக்கம் போய் நின்று பாருங்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கும். கூடவே இடுப்பளவு தண்ணீரில் அம்மாவோ அப்பாவோ. "நல்லா தம் கட்டிக்கோ, முகத்தை உள்ளே விடு, கையை வீசிப் போ!" என் மகளுக்கு நானும் இதையேதான் சொன்னேன். இப்போது சில வருடங்களாக, குழுவின் மிகச் சிறிய பிள்ளைகளோடு தண்ணீரில் நின்று உதவி செய்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் அந்தக் குரலைக் கேட்கும்போது மனம் பொறுப்பதில்லை.

துண்டை மறப்பது, தண்ணீர் பாட்டிலை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு நாள் மறந்தால் மறுநாள் தானாக நினைவு வந்துவிடும்.

மூச்சை அடக்கச் சொல்வது

என் மகளின் முதல் 25 மீட்டர் இப்படித்தான் போனது. பத்துக் கைவீச்சு வரை அழகாகப் போனாள். அப்புறம் தலை மேலே வந்தது, கால் கீழே போனது, நீந்தும் தடங்களைப் பிரிக்கும் லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க நின்றாள். "மூச்சு வரலைம்மா" என்றாள். தெம்பு போதவில்லை என்று நினைத்து, இரண்டு வாரம் கூடுதலாக நீந்த வைத்தேன். அந்த இரண்டு வாரமும் தவறான பழக்கத்தைத்தான் இறுக்கிக் கட்டியது.

குழுவின் கோச் அவள் பக்கத்திலேயே குளத்தின் ஒரு நீளம் நடந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தண்ணிக்குள்ள குமிழி எங்கே?" அதற்குப் பிறகுதான் நானும் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. முகத்தைச் சுற்றி ஒரு குமிழிகூட இல்லை.

மூச்சு முட்டுகிறது என்ற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, உடலில் கரியமில வாயு சேருவதால் வருகிறது. தண்ணீருக்குள் காற்றை விடாத பிள்ளை, மூச்செடுக்கத் தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடிக்குள் முதலில் உள்ளே இருப்பதை விட வேண்டும், பிறகு புதிதாக இழுக்க வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாது. பழைய காற்று பாதி உள்ளேயே நிற்க, அதன் மேல் ஒரு வாய் காற்று மட்டும் போகும். மூன்றாவது முறையில் பதற்றம் வந்துவிடும். நேரம் வேண்டுமென்று தலையைப் பக்கவாட்டில் திருப்பாமல் முன்னால் தூக்கும். தலை ஏறினால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கினால் கால் சைக்கிள் மிதிப்பதுபோல் ஆகிவிடும். கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெம்பில்லை, கால் அடிக்கத் தெரியவில்லை, தலை நிற்கவில்லை என்று மூன்று குறைகள் தெரியும். "காலை அடி, காலை அடி!" என்று கத்துவோம். மூன்றுக்கும் காரணம் அந்த உப்பிய கன்னம்தான்.

மாற்றுவதற்கு நீந்தவே வேண்டாம். குளத்தின் படியில் உட்காருங்கள். வாயை மூடி "ம்ம்ம்" என்று இழுக்கச் சொல்லுங்கள். அந்த ஒலி வரும்போது காற்று மூக்கு வழியாகத்தான் வெளியே போகும், தண்ணீரும் மூக்கில் ஏறாது. அதே "ம்ம்ம்" இப்போது முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது. என் மகள் தனக்குப் பிடித்த பாட்டின் மெட்டையே தண்ணீருக்குள் முனகினாள், மூக்கிலிருந்து குமிழி சரம் சரமாக வந்தது. அடுத்து, மேலே வந்து வாயால் இழுத்து, உள்ளே போய் முனகுவது. இதை இடைவிடாமல் பத்து முறை செய்ய வேண்டும். நடுவில் நிறுத்தி முகத்தைத் துடைத்தால் இன்னும் பழகவில்லை என்று பொருள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காது தண்ணீரிலேயே இருக்கத் தலையைத் திருப்பிப் பழகட்டும். கடைசியாகத்தான் கையும் காலும். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. முதலிலேயே இதைத் தொடங்கியிருந்தால் அந்தச் சீசனின் பாதி வீணாகியிருக்காது.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. யார் அதிக நேரம் தண்ணீருக்குள் தம் கட்டுவது என்ற போட்டியைப் பிள்ளைகளிடம் கண்டால் உடனே நிறுத்துங்கள். முங்கும் முன் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு வேண்டும் என்ற எச்சரிக்கையே வராமல் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியில் நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

காற்றடைத்த கைப்பட்டை

மிதப்பதற்காகப் புஜத்தில் மாட்டும் இந்தப் பட்டை பிள்ளையைத் தண்ணீரில் நிமிர்ந்து நிற்க வைக்கும். நீச்சலுக்கோ படுக்க வேண்டும். கைப்பட்டையோடு ஒரு வருடம் விளையாடிய பிள்ளைக்கு, படுத்து மிதப்பதைச் சொல்லித்தர மிகவும் பாடுபட வேண்டியிருக்கிறது. அதைவிட மோசம், தனக்கு நீந்தத் தெரியும் என்று பிள்ளை நம்பிவிடுவது. பயிற்சியில் எதையும் மாட்ட வேண்டாம். கையெட்டும் தூரத்தில் நீங்கள் நின்றால் போதும்.

நான்கு ஸ்ட்ரோக்கையும் (நீந்தும் முறைகளையும்) அவசரமாகப் புகட்டுவது

இந்த வயதில் ஃப்ரீஸ்டைலும் (குப்புறப் படுத்து, கைகளை மாறி மாறி வீசுவது) பேக்ஸ்ட்ரோக்கும் (மல்லாந்து நீந்துவது) போதும். பெற்றோர் சொல்லித்தந்த பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கோடு (தவளை நீச்சலோடு) வரும் பிள்ளைகளில் பலரது கால் கத்தரிக்கோல் மாதிரி ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அடிக்கும். போட்டியில் அதற்குத் தகுதிநீக்கம்தான். இல்லாத பழக்கத்தை உண்டாக்குவது எளிது, இருப்பதை அழிப்பதுதான் கடினம்.

பேக்ஸ்ட்ரோக்கில் ஒன்றை மட்டும் முன்பே சொல்லிக்கொடுங்கள். 25 மீட்டர் குளத்தில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேலே கொடித் தோரணம் இருக்கும். அதைக் கடந்த பிறகு எத்தனை கைவீச்சில் சுவர் வருகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். தெரியாத பிள்ளை தலையை இடித்துக்கொள்ளும், இல்லையென்றால் சுவரைத் தேடிக் குப்புறப் புரளும். முடிக்கும்போது மல்லாந்த நிலையிலேயே சுவரைத் தொட வேண்டும் என்பது விதி.

ஆழமில்லாத பக்கத்தில் டைவ் பழக்குவது

கூடவே கூடாது. கழுத்தெலும்பு போகும்.

போட்டியன்று புது நீச்சல் கண்ணாடி

வாங்கும்போதே, பட்டையை மாட்டாமல் கண்ணில் வைத்து லேசாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நொடி தானாக ஒட்டி நின்றால் அந்த முகத்துக்குப் பொருந்துகிறது. உள்பக்கத்தை விரலால் தேய்க்காதீர்கள், பனி படராமல் இருக்கப் பூசியிருப்பது போய்விடும். குதிக்கும்போது கண்ணாடி நழுவுவது சகஜம். அதனால் வாரத்தில் ஒரு நாள் கண்ணாடி இல்லாமலும் ஒரு நீளம் போகட்டும்.

நடுங்கும் பிள்ளையிடம் "இன்னும் ஒரே ஒரு சுற்று"

உதடு நீலமானால் வெளியே எடுங்கள்.

போட்டி நாளைப் பழக்காமல் விடுவது

நீந்தப் பழக்கினேன், போட்டியைப் பழக்கவில்லை. முதல் போட்டியில் நீண்ட விசில் கேட்டதும் மகள் குதிக்கும் மேடையில் ஏறினாள். அடுத்து ஹாரன் அலறியது. மற்றவர்கள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். இவள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடினாள். அந்தச் சத்தத்தை அதற்கு முன் அவள் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் முழுக்க, செல்போனில் ஹாரன் சத்தத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பழகினோம். நான் நீளமாக விசில் அடிப்பேன், அவள் தரையில் விரித்த துண்டின் மேல் வந்து நிற்பாள். "தயார்" என்றதும் குனிந்து ஆடாமல் நிற்பாள். ஹாரன் கேட்டதும் துண்டைத் தாண்டிக் குதிப்பாள். இரண்டாவது போட்டியில் கண்ணாடி நழுவி மூக்குக்கு வந்துவிட்டது. அவள் நிற்கவில்லை.