புதியவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது?

கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி போன்ற, புதியவர்களுக்கு உதவித்தொகை தந்து திறமூல மென்பொருளில் சில மாதம் பங்களிக்க வைக்கும் திட்டங்களுக்கு வேலைகளைப் பட்டியலிடும்போது, பல வருடமாக யாரும் தொடாத பெரிய கனவைத் தூசி தட்டி எடுத்துப் போடத் தோன்றும். பெரும்பாலான சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தெரிந்தவர்களே அதைத் தொடவில்லை என்றால் காரணம் இருக்கும்: எப்படிச் செய்வது என்ற சண்டை ஓயவில்லை, அல்லது அந்தப் பகுதியை அறிந்தவர் குழுவை விட்டுப் போய்விட்டார். அந்த வழக்கைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள். அடுத்த வெளியீட்டுக்குக் கட்டாயம் தேவைப்படும் வேலையும் வேண்டாம். அவர் இரண்டு வாரம் தேர்வுக்குப் போனால் எல்லாரும் காத்திருக்க நேரும்.

அளவுக்கு ஒரு கைக்கணக்கு: உங்களுக்கு இரண்டு வாரம் பிடிப்பது புதியவருக்கு மூன்று மாதம். கூகுள் திட்டத்தில் சிறியது சுமார் 90 மணி நேரம், நடுத்தரம் 175, பெரியது 350. இது நிரல் எழுதும் நேரம் மட்டுமல்ல. கணினியில் மென்பொருளை நிறுவி ஓடவைப்பது, சோதனைகள், ஆவணம், ரிவ்யூவில் (நிரலை மற்றவர்கள் சரிபார்க்கும்போது) சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேரும். வேலையை இரண்டு மூன்று துண்டாக்குங்கள். முதல் துண்டு தனியாகவே பயன்பட வேண்டும், இடைக்கால மதிப்பீட்டுக்கு முன்பே மெர்ஜ் ஆகிவிட (மூல நிரலோடு சேர்ந்துவிட) வேண்டும். கடைசி வாரத்தில் மொத்தமாக வரும் ஆயிரக்கணக்கான வரிகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

அளவைவிட முக்கியம், இறுதி ஒப்புதல் யார் கையில் என்பது. விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் மைய நிரலில் மாற்றம் சேர, கெரிட் என்ற ரிவ்யூ தளத்தில் பிளஸ் டூ, அதாவது இறுதி ஒப்புதல், கொடுக்கும் உரிமை உள்ளவர் பார்க்க வேண்டும். புதிய நீட்சி (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) விக்கிப்பீடியாவில் ஏற, பாதுகாப்பு ரிவ்யூவையும் தாண்ட வேண்டும். புதியவர் வேலையை முடித்தாலும் அது மூன்று மாதத்துக்குள் பயனர் கண்ணில் படுவது அரிது. அதே யோசனையை விக்கிமீடியாவின் கருவித் தளமான டூல்ஃபோர்ஜில் தனிக் கருவியாகவோ, விக்கியில் பயனர் விரும்பினால் இயக்கிக்கொள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் கேட்ஜெட்டாகவோ செய்தால் அவ்வளவு பேரிடம் காத்திருக்க வேண்டாம். மையத்தில்தான் செய்தாக வேண்டும் என்றால், பிளஸ் டூ உரிமை உள்ள ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிட்டுப் பட்டியலிடுங்கள். வழிகாட்டிகள் இரண்டு பேர் இருப்பது நல்லது. ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் பதில் சொல்லலாம். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்க முடியாதவர் பெயரைப் போடவே வேண்டாம்.

அடுத்தது குட்டி வேலைகள். விண்ணப்பிப்பவர் அதே நிரலைத் தொட்டுப் பார்க்க, அரை நாளில் முடியும் ஐந்தாறு வேலைகளையாவது முன்கூட்டியே எடுத்து வையுங்கள். எந்தக் கோப்பு, பிழையை எப்படி வரவழைப்பது, எது நடந்தால் முடிந்ததாகக் கொள்ளலாம் என்று ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். இப்படி ஐந்தாறு கூடத் தேறவில்லையென்றால் அந்தப் பகுதி புதியவருக்கு ஏற்றதல்ல. அவுட்ரீச்சியில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர் பங்களிப்பது கட்டாயம் என்பதால் அங்கே இது இன்னும் அவசியம். ஆவணம், வடிவமைப்பு மட்டுமே உள்ள வேலையை அங்கே தரலாம். கூகுள் திட்டத்தில் நிரல் எழுதும் வேலைதான் செல்லும்.

பட்டியலிடும் முன் ஒரு சோதனை: புதுக் கணினியில், உங்கள் ஆவணத்தை மட்டும் பார்த்து, மென்பொருளை நிறுவிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் முதலில் ஆவணத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றது.