பெல்லட் ஸ்டவ் கடகடன்னு அதிருதா? ஸ்க்ரூவ கழட்டறதுக்கு முன்னாடி காது கொடுத்து கேளுங்க

அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல, டவுனுக்கு வெளிய, கேஸ் பைப் வராத ஏரியால இருக்கோம். இந்தப் பக்கம் குளிருக்கு வீட்ட சூடாக்க நிறைய வீட்டுல ஆயில்தான், கொஞ்சம் பேர் எங்கள மாதிரி பெல்லட் ஸ்டவ். பெல்லட்னா மரத்தூளை அழுத்தி சுண்டுவிரல விட மெலிசா குச்சி மாதிரி பண்ணிருப்பாங்க, 40 பவுண்டு மூட்டையா வரும், மேல இருக்கற ஹாப்பர்ல கொட்டிட்டா அதுவே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து எரிச்சுக்கும். நவம்பர்ல ஆரம்பிச்சா ஏப்ரல் வரைக்கும் ராத்திரி பகல்னு ஓடிட்டே இருக்கற சாமான், அதனால அது சத்தம் போட ஆரம்பிச்சா வீடு முழுக்க தூக்கம் போயிடும். போன ஜனவரில நடுராத்திரி மாடில தூங்கிட்டிருந்த பொண்ணு எழுந்து வந்து "அப்பா, தரை ஆடுது"ன்னு நின்னா. கைய வெச்சு பாத்தா நிஜமாவே மரத்தரை கிறுகிறுன்னு அதிருது. அன்னிக்கு ஆரம்பிச்சு கத்துக்கிட்டத இங்க எழுதறேன், யாருக்காவது குளிர் நாள்ல உதவும்.

முதல்ல ஒன்னு புரிஞ்சிக்கணும். இந்த ஸ்டவ்ல சுத்தற சாமான் மூணுதான். புகைய இழுத்து வெளிய தள்ளற ஃபேன், சூடான காத்த ரூமுக்குள்ள ஊதற ஃபேன், அப்பறம் ஆகர், அதாவது பெல்லட்ட தள்ளிட்டு வந்து நெருப்புல போடற முறுக்குத் தண்டு. சத்தம் பெரும்பாலும் இந்த மூணுல ஒன்னுதான், இல்லைன்னா இதுங்க ஆடறதுல வேற ஏதாவது லூசான தகடு சேர்ந்து ஆடுது. எதுன்னு கண்டுபிடிக்க எதையும் கழட்ட வேண்டாம். ஸ்டவ்வ அணைச்சு நல்லா ஆற விட்டுட்டு, திரும்ப ஆன் பண்ணி பக்கத்துல உக்காருங்க. புகை ஃபேன் உடனே ஓட ஆரம்பிக்கும், ஆகரும் கூடவே. ரூம் ஃபேன் பெரும்பாலான மாடல்ல ஸ்டவ் சூடான பிறகுதான் வரும், சுமாரா 5லேர்ந்து 10 நிமிஷம் ஆகும். ஆன் பண்ண உடனே உறுமினா புகை ஃபேன் மேல சந்தேகப்படுங்க, முதல்ல அமைதியா இருந்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ஆரம்பிச்சா ரூம் ஃபேன், விட்டு விட்டு வந்தா ஆகர். இந்த ஒரு விஷயம் தெரியாம நான் முதல் தடவ தப்பான மோட்டார கழட்டி ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு.

அடுத்து உள்ளங்கைய வெச்சு பக்கத்துத் தகடு, ஹாப்பர் மூடி, சாம்பல் டிரே எல்லாத்தையும் ஒவ்வொன்னா லேசா அழுத்தி பாருங்க. கண்ணாடிக் கதவையும் புகைக் குழாயையும் தொடாதீங்க, சுட்டுடும். அழுத்தின உடனே சத்தம் நின்னா அந்த இடத்துல ஸ்க்ரூ லூசு, டைட் பண்ணா முடிஞ்சது. ஸ்டவ்வோட நாலு காலும் சமமா தரைல பதிஞ்சிருக்கான்னும் பாருங்க. சுவத்த தாண்டி போற புகைக் குழாய் ஃபிரேமோட இடிச்சிட்டிருந்தா அந்த அதிர்வு சுவரு வழியா மாடி வரைக்கும் போகும்.

இப்ப ரூம் ஃபேன். இதுதான் நான் அதிகமா பாத்தது, எங்க வீட்டுலயும் அன்னிக்கு ராத்திரி இதுதான். அணில் கூண்டு மாதிரி உருளையா, சுத்தி சின்னச் சின்ன தகடு வெச்ச ஃபேன். நாங்க நாய் வளக்கறோம். பிளக்க புடுங்கிட்டு ஃபேன வெளிய எடுத்தா ஒவ்வொரு தகட்டோட குழிலயும் சாம்பல் கலர்ல கம்பளி மாதிரி முடியும் தூசும் அடைஞ்சிருக்கு, ஒரே ஒரு பக்கத்துல மட்டும் விரல் நீளத்துக்கு அது பேர்ந்து விழுந்து பளிச்சுன்னு தகடு தெரியுது. அவ்ளோதான் விஷயம். ஒரு பக்கம் வெயிட்டு, ஒரு பக்கம் லேசு, அதனால மொத்த ஸ்டவ்வும் ஆடுது. அதனாலதான் சொல்றேன், சுத்தம் பண்ணா முழுசா பண்ணுங்க, கைக்கு எட்டின பாதிய மட்டும் பிரஷ்ஷால தட்டி விட்டா முன்ன விட ஜாஸ்தியா ஆடும். பழைய டூத்பிரஷ் போதும், ஒவ்வொரு தகடா போங்க. தகட்டு மேல சின்ன கிளிப் ஏதாவது மாட்டிருந்தா அத எடுத்துடாதீங்க, பேலன்சுக்காக கம்பெனில போட்டது அது.

சுத்தம் பண்ணியும் கிரீச்சுன்னோ உய்ங்னோ வந்தா பேரிங் காஞ்சு போயிருக்கு. சில மோட்டார்ல எண்ணெய் விட சின்ன ஓட்டை இருக்கும், அதுல எலக்ட்ரிக் மோட்டாருக்கான எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு விடுங்க, அதுக்கு மேல வேண்டாம். ஓட்டை இல்லைன்னா சீல் பண்ண பேரிங், எண்ணெய் உள்ள போகாது, மோட்டார மாத்தறதுதான் வழி. துரு எடுக்கற ஸ்ப்ரேய அடிக்கறத நிறைய பேர் பண்றாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ரெண்டு நாள் சும்மா இருக்கும், அப்பறம் உள்ள இருந்த கொஞ்ச கிரீசும் போய் மறுபடி கத்தும்.

புகை ஃபேன்ல பிரச்சன சாம்பல். இறக்கைல சாம்பல் கட்டி தட்டி பாறை மாதிரி ஒட்டிக்கும், வேலை மத்தபடி அதே மாதிரிதான். ஆனா இங்க ரெண்டு எச்சரிக்கை. சில மாடல்ல இறக்கைய புடிச்சிருக்கற நட்டு தலைகீழ் மரை, வழக்கமான பக்கம் திருப்பினா இன்னும் இறுகும், பலமா முறுக்கறதுக்கு முன்னாடி மேனுவல பாருங்க. ரெண்டாவது, மோட்டார கழட்டினா அதோட கேஸ்கெட்ட, அதாவது இடைவெளி இல்லாம அடைக்கற பட்டைய, புதுசா போடுங்க. ஃபேனுக்கு அப்பறம் இருக்கற குழாய்ல புகைய தள்ளற அழுத்தம் இருக்கு, அங்க மயிரிழை இடைவெளி இருந்தாலும் புகையும் கார்பன் மோனாக்சைடும் ரூமுக்குள்ளதான் வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டாம இந்த வேலைல கை வெக்காதீங்க. சாம்பல எடுக்க வீட்டு வேக்யூம போடாதீங்க, ஆறிடுச்சுன்னு நெனைக்கற சாம்பல்ல கங்கு நாள் கணக்குல உயிரோட இருக்கும். அதுக்குன்னு இருக்கற சாம்பல் வேக்யூம்தான் போடணும், எடுத்த சாம்பல மூடி போட்ட இரும்பு வாளில வீட்டுக்கு வெளிய வைங்க.

ஆகர் சத்தம் வேற ஜாதி. பெல்லட் ஓரத்துல மாட்டி நறுக்குன்னு உடையும்போது டொக்னு ஒரு சத்தம் வரும், அது சகஜம். ஒரே தாளத்துல, ஒரு சுத்துக்கு ஒரு தடவ கீச்ச்ச்னு இழுத்தா தண்டுக்கும் குழாய்க்கும் நடுவுல மரத்தூள் இறுகிப்போய் உராயுது. ஹாப்பர் காலியாகற வரைக்கும் எரிய விட்டு, ஆறின பிறகு பிளக்க புடுங்கி, அடில தேங்கின தூள சுத்தமா எடுங்க. எங்க வீட்டுல ஒரு தடவ ஒரு டம்ளர் அளவுக்கு மாவா வந்தது, அதுக்கப்பறம் சத்தமே இல்ல. மூட்டைய சிமெண்ட் தரைல நேரா வெச்சா ஈரம் இழுக்கும், ஈரம் பட்ட பெல்லட் உப்பி உதிர்ந்து ஆகர்ல கட்டையா இறுகிடும், அதனால பலகை மேல அடுக்குங்க. தண்டு சுத்தி வந்து திடீர்னு பின்னாடி ஒரு உதறு உதறினா, கூடவே கடகடன்னு அரைக்கற சத்தம் வந்தா, மோட்டாருக்குள்ள கியர் பல் தேஞ்சிருக்கு. அத ரிப்பேர் பண்ண மெனக்கெடாதீங்க, அதே வேகம், அதே பக்கம் சுத்தற புது மோட்டார் வாங்கிடுங்க. வேகம் மாறினா பெல்லட் விழற அளவே மாறிடும்.

சத்தம் மோட்டார்லேர்ந்து வராம, நெருப்பே ஹோன்னு இரையுற மாதிரி இருந்தாலோ விசில் அடிச்சாலோ காத்து தப்பான வழில போகுது. கதவு கேஸ்கெட்ல ஒரு டாலர் நோட்ட வெச்சு கதவ சாத்தி இழுத்து பாருங்க, ஸ்டவ் ஆறிருக்கும்போதுதான். சுலபமா உருவிட்டு வந்தா கேஸ்கெட் தளர்ந்துடுச்சு. நாலு பக்கமும் பாக்கணும், எங்களுது கீல் பக்கம் மட்டும்தான் போயிருந்தது.

எல்லாம் மாட்டின பிறகு ஆன் பண்ணிட்டு அரை மணி நேரமாவது அங்கயே இருங்க, மூணும் ஒவ்வொன்னா எழுந்து வர்றத கேளுங்க. சூடு ஏறும்போதும் ஆறும்போதும் டிக் டிக்னு வந்தா அது தகடு விரிஞ்சு சுருங்கற சத்தம், அதுக்கு ஒன்னும் பண்ண வேண்டாம்.