குட்டித் தாடி ஓணானுக்கு உயிர்ப்பூச்சி கொடுக்கும் முறை

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைத் தாயகமாகக் கொண்ட தாடி ஓணான், வளர்ந்த பிறகு பெரும்பாலும் இலை தழைகளையே தின்னும் என்றாலும், உடல் விறுவிறுவென வளரும் முதல் சில மாதங்களில் அதன் உணவில் ஏறத்தாழ முக்கால் பங்கு பூச்சியாக இருக்க வேண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை பூச்சி என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பூச்சி எதைத் தின்று வந்தது, அதன் மேல் என்ன தூவப்பட்டிருக்கிறது என்பவையே அதைவிடப் பெரிய கேள்விகள்.

அன்றாட உணவுக்குச் சிறிய சுவர்க்கோழி, டுபியா என்னும் தீனிக் கரப்பானின் குஞ்சு, பட்டுப்புழு ஆகியவை ஏற்றவை. மாவுப்புழுவின் மேல்தோல் கடினமானது என்பதால் அது குட்டிக்கு வேண்டாம். எந்தப் பூச்சியானாலும் ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிய இரை செரிக்காமல் குடலை அடைத்துவிடும். தோட்டத்தில் பிடித்த பூச்சிகளில் மருந்தும் ஒட்டுண்ணியும் இருக்கலாம். சில மின்மினிகளின் நஞ்சோ, ஒன்றைத் தின்றாலே ஓணானைக் கொன்றுவிடக் கூடியது.

வாங்கி வந்த பூச்சிகளை அப்படியே போட்டுவிடாமல், குறைந்தது ஒரு நாளாவது கீரை, கேரட், பூசணித் துண்டு ஆகியவற்றைக் கொடுத்து வயிறு நிறையத் தின்ன விட வேண்டும். காற்றோட்டமுள்ள டப்பாவில் ஒரு முட்டை அட்டையைச் செங்குத்தாக நிறுத்தினால் அவை அதில் ஏறிக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் சுவர்க்கோழிகள் அதில் விழுந்து செத்துப்போகும் என்பதால், கேரட்டின் ஈரமே அவற்றுக்குப் போதும்.

சுவர்க்கோழியின் உடலில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம்; ஓணானுக்குத் தேவைப்படுவதோ இதற்கு நேர்மாறாக, பாஸ்பரஸைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கால்சியம். இந்தக் குறையை ஈடுசெய்யாவிட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். தாடை மென்மையாகும், கால்கள் வளையும், விரல்கள் துடிக்கும். ஆகவே பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியில் ஒரு சிட்டிகையை உயரமான குவளையில் இட்டு, ஒரு வேளைக்கான பூச்சிகளைப் போட்டு, திருநீறு பூசியதுபோல் மெல்லிய வெண்மை படியும் வரை குவளையைச் சுழற்ற வேண்டும். சுவர்க்கோழி சில நிமிடங்களிலேயே தன்னைத் துடைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும் என்பதால் பொடி தூவியவுடன் கொடுத்துவிடுவது நல்லது. பல்வைட்டமின் பொடி வாரத்துக்கு ஓரிரு முறை போதும்.

இவ்வளவு செய்தும், யு.வி.பி. எனப்படும் புற ஊதாக் கதிரை வீசும் விளக்கு இல்லையென்றால் பெரும்பாலும் வீண்தான். கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 தேவை, அதை ஓணானின் தோல் அந்தக் கதிரைக் கொண்டே உண்டாக்குகிறது. சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதால், சன்னலோரம் வைத்திருக்கிறோம் என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை. செரிமானத்துக்கு வெப்பமும் வேண்டும். கூண்டுக்குள் ஓணான் வெப்பம் காயும் இடம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரமாவது கழித்து முதல் வேளையும், விளக்கு அணைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கடைசி வேளையும் அமைய வேண்டும்.

நான்கு மாதம் வரை நாளுக்கு மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை என்று கொடுக்கலாம். பூச்சிகளை மொத்தமாகக் கொட்டினால் குட்டி மிரண்டு ஒதுங்கிவிடும். இரண்டு மூன்றாக விடுங்கள். தலையைச் சாய்த்துப் பார்த்து, நாக்கை நீட்டி, ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்பதுதான் ஒரு வேளைக்கான அளவு. இதனாலேயே எண்ணிக்கைப் பட்டியல்களை நான் நம்புவதில்லை.

மீந்தவற்றை ஒன்று விடாமல் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் பசித்த சுவர்க்கோழி இரவில் உறங்கும் ஓணானின் வாலையும் விரலையும் கடிக்கும். கல்லுக்கு அடியிலும் மரக்கட்டையின் பின்னாலும்தான் அவை பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.