சிலேடைப் பாட்டின் சுவையைக் கெடுக்கும் சில பழக்கங்கள்

சிலேடை என்றால் ஒரே சொற்கள் இரண்டு பொருள் தரும்படி பாடுவது. காளமேகப் புலவரின் சிலேடைப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உட்காரும் பெரியவர்கள் பலர், “இது பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை” என்று ஆரம்பத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறார்கள். விடையைச் சொல்லிவிட்டு விடுகதை போட்டால் யார் கேட்பார்கள்?

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே யோது

கடைசி அடியை மறைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். பாம்பைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். படமெடுத்து ஆடிக் குடத்துக்குள் அடைகிறது, ஆடும்போது சீறுகிறது, மூடியைத் திறந்தால் முகம் காட்டுகிறது, கடித்தால் விஷம் தலைக்கேறுகிறது. சரி, இன்னொன்று சமையலறையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். எள் செக்கில் ஆடுகிறது, செக்கு இரைகிறது, எண்ணெய் குடத்தில் சேர்கிறது, தலையில் தேய்த்தால் பரபரவென்கிறது. எனக்குப் பிடித்த இடம் ‘முகங்காட்டும்’. பாம்பு தன் முகத்தைக் காட்டுகிறது. எண்ணெய் காட்டுவதோ எட்டிப் பார்க்கிறவர் முகத்தை!

சந்தி பிரித்த பாடத்தை, அதாவது சேர்ந்திருக்கும் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியதை, மட்டும் படிப்பது இன்னொரு தவறு. ‘பிள் நாக்கு’ என்று பிரித்து அச்சிட்டால் பாம்பின் பிளவுபட்ட நாக்குதான் மிஞ்சும், எள்ளுப் பிண்ணாக்கு காணாமல் போய்விடும். பிரிக்காமல் ஒருமுறை, பிரித்து ஒருமுறை படிக்க வேண்டும். இதற்குப் பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலில் பெயர் உண்டு. ஆனால் பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலிலேயே சொன்னால் அது இரண்டு மார்க் கேள்வியாகிவிடும்.

சிலேடை என்றாலே சினிமாவின் இரட்டை அர்த்த வசனம் என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடுவோம்.

“சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது” என்பதும் சரியில்லை. ‘காக்கைக்கா காகூகை கூகைக்கா காகாக்கை’ என்று ககர வரிசையிலேயே ஓடும் வெண்பா ஒன்று இருக்கிறது. ஐந்து வயதுக்காரருக்கு அது நாக்குப் புரளும் விளையாட்டு. பெரியவருக்கோ அரசியல் பாடம்: இரவில் கூகையை (ஆந்தையை) காக்கை வெல்ல முடியாது, பகலில் காக்கையைக் கூகை வெல்ல முடியாது, ஆகவே அரசன் கொக்கைப் போல் நேரம் பார்த்திருக்க வேண்டும். திருக்குறளின் காலமறிதல் அதிகாரத்திலும் இதே காக்கை, கூகை, கொக்கு வருகின்றன.

முன்கூட்டியே சொல்லியாக வேண்டிய இடமும் உண்டு. ஔவையார் கம்பரைத் திட்டியதாகக் கதை சொல்லும் ‘எட்டேகால் லட்சணமே எமனேறும் பரியே’ பாட்டில், தமிழ் எண்ணில் அ என்றால் 8, வ என்றால் கால் என்பது தெரியாமல் ‘அவலட்சணம்’ பிடிபடாது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த எண்கள் பழக்கமில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டால் எமன் ஏறும் பரி எருமை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் கொஞ்ச நாளைக்கு வீட்டில் எல்லோரும் எட்டேகால் லட்சணம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.