சினைப்பைக்கு பி.ஆர்.பி. ஊசி: சம்மதம் சொல்லும் முன் செய்ய வேண்டியவை

சினைப்பையின் செயல்பாடு குறைந்துவிட்டது என்று தெரிந்த பெண்ணிடம், அதை மீட்டெடுக்கும் சிகிச்சைகள் பற்றி இப்போது உடனே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவற்றில் ஒன்று, சொந்த இரத்தத்தில் தட்டணுக்கள் செறிந்த பகுதியைச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசி. அந்த ஊசிக்குத் தேதி குறிப்பதற்கு முன், குறைபாடு எந்த அளவில் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏ.எம்.எச். (மிச்சமுள்ள முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) அளவு, மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாளில் எடுத்த எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) அளவு, ஸ்கேனில் எண்ணிய சிறு நுண்பைகளின் (முட்டையைத் தாங்கும் சிறு பைகளின்) எண்ணிக்கை ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். 40 வயதுக்கு முன்பே மாதவிலக்கு குறைந்தது 4 மாதங்களாகத் தவறியும் தள்ளியும் போய், எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் இருந்தால் அது முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு. வயதோடு வரும் குறைவு வேறு. செயலிழப்பு என்றால் குரோமோசோம் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் கேட்டுப் பெறுங்கள்.

பி.ஆர்.பி. முறையில், கையிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சுழற்றுகிறார்கள். குழாயின் அடியில் சிவப்பணுக்கள் படிய, மேலே வைக்கோல் நிறத் திரவமும் இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெண்படலமும் பிரிந்து நிற்கும். தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்தெடுத்து, ஸ்கேனைப் பார்த்தபடி சினைப்பைக்குள் செலுத்துகிறார்கள். அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் உறங்கும் நுண்பைகளை எழுப்பக்கூடும் என்பதே இதன் அடிப்படை. எழுப்புவதற்கு நுண்பை மிச்சமிருக்க வேண்டும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரை இருந்தவை தீர்ந்துபோனால், புதிய முட்டையை இந்த ஊசி உண்டாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி, "உங்களிடம் இந்த ஊசி போட்டுக்கொண்ட என் வயதுப் பெண்களில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?" என்பதுதான். ஏ.எம்.எச். உயர்ந்ததாகக் காட்டும் தாளை அதற்குப் பதிலாக ஏற்காதீர்கள். அந்த அளவு தானாகவே ஏறி இறங்கும். செயலிழந்த சினைப்பைகூட இடையிடையே விழித்துக்கொள்வதால், எந்தச் சிகிச்சையும் இன்றி சுமார் 5 விழுக்காட்டுப் பெண்கள் கருவுறுகிறார்கள். ஊசி போடாத பெண்களோடு ஒப்பிடாத எந்தக் கணக்கும் உங்கள் முடிவுக்கு உதவாது. இது இன்னும் ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சை என்பதால், அதை நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வின் கீழ் செய்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சையும், 2013இல் ஜப்பானில் கவாமுரா குழுவினர் 27 பெண்களிடம் செய்து குழந்தைப் பிறப்பையும் அறிவித்த, சினைப்பைத் திசுவை வெட்டி எடுத்துத் தூண்டித் திரும்பப் பொருத்தும் முறையும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

புற்றுநோய், இரத்த உறைவுக் கோளாறு, இடுப்புத் தொற்று ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல் கேட்டு நிறுத்துங்கள். 35ஐக் கடந்தவர்கள் ஊசியின் பலனுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து: ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவூட்டும் முறை) மூலம் முட்டை கிடைக்க வாய்ப்பிருந்தால் அதை முதலில் செய்துகொள்ளுங்கள். 40க்கு முன்பே செயலிழப்பு வந்தவர்கள், எலும்பையும் இதயத்தையும் காக்க, தடை ஏதும் இல்லையெனில் 50 வயதுவாக்கு வரை ஹார்மோன் சிகிச்சையைத் தொடர வேண்டும். ஊசி போட்டுக்கொண்டதற்காக அதை நிறுத்தச் சொன்னால், எத்தனை நாளுக்கு, எதற்காக என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.